பன்னிரண்டு மணி ரீடிங்

மாமே,

இன்று காலை கம்பெனிக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் இரண்டு நாள் காய்ந்து கிடந்து, மிஷின் சூடேற ஏற, அதைக் குளிர்விக்கிற கூலண்ட் தண்ணீரின் நாற்றத்தோடு கலந்து ஒன்று கிளம்புமே, அதுதான். மற்றவர்களுக்கு அது லீவு முடிந்த எரிச்சல். எனக்கு அது நீ. நீ போய் இரண்டு பூஜை ஆகிவிட்டது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண் "சார், கொஞ்சம் வழி" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ இருந்தபோது சொல்ல எனக்குத் துப்பில்லை. டீக்கடையில் எத்தனை முறை வாயெடுத்தேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் பஜ்ஜியை எடுத்து அந்த வாயை அடைத்துக்கொண்டேன். இன்று எழுதிவிடுகிறேன். "நான் படிக்க மாட்டேன் என்கிற தைரியம்தானே" என்று திட்டுவாய். திட்டிக்கொள்.

நாம் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தச் சந்துக்குள் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தோம். நீ நூம்பலிலிருந்து ஓட்டை மொபெட்டில் வருவாய். நான் அண்ணனூரில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடந்து வருவேன். பக்கத்துப் பக்கத்து கிரைண்டிங் மிஷின் நமக்கு. லாரி பிரேக்குக்குள் போகிற விரல் தடிமன் இரும்புப் பின்களை, சொன்ன அளவுக்கு ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் தேய்த்து எடுக்க வேண்டும். ஆறு வருஷம் அந்தச் சத்தத்தில் ஒருவர் காதில் ஒருவர் கத்திக் கத்தியே சிநேகிதம் ஆனோம். அதற்குள் நான் மாலை நேரத்தில் டிப்ளமா படித்து முடிக்க, முதலாளி என்னைத் தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார். எனக்கு வெள்ளைச் சட்டை வந்தது. உனக்கு அதே காக்கிதான்.

அன்றிலிருந்து கம்பெனிக்குள் நான் உனக்கு 'சார்', வெளியே டீக்கடையில் 'மாமே'. நானாகக் கேட்டதில்லை அந்த 'சாரை'. நாலு பேர் முன்னால் நண்பனின் மரியாதை போகக் கூடாது என்று நீயே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் அந்த 'சாரை' நீ இழுத்துச் சொல்கிற விதத்தில் எவ்வளவு நக்கல் இருந்தது என்பது எனக்குத்தானே தெரியும்!

நான் பொறுப்பேற்றபோது நிலைமை சரியில்லை. நம் பின்களை வாங்குகிற பெரிய கம்பெனி இரண்டு முறை லோடைத் திருப்பி அனுப்பியிருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் சொன்னார்: "இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா ரெண்டாவது ஷிஃப்டை மூடணும். அதுக்கு முன்னாடி உன்னை அனுப்பிடுவேன், தெரிஞ்சுக்கோ." இரண்டாவது ஷிஃப்டில் பதினாலு பேர். அந்தப் பதினாலு பேரும் நானும் ஒரே நூலில் தொங்கினோம்.

உட்கார்ந்து செயல்முறைத் தாள் எழுதினேன். ஏழே ஏழு படி. தினமும் காலையில், பின்னின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டரை மூடிப் பார்க்க வேண்டும், பூஜ்யம் காட்ட வேண்டும். முதலில் நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன், பிறகு மிஷின்காரர் தானும் ஒருமுறை பார்க்க வேண்டும். இது முதல் படி. அப்புறம் மணிக்கு ஒருமுறை ஐந்து பின்களை எடுத்து அளந்து, கண்டதைக் கண்டபடி தாளில் எழுத வேண்டும். அளவு தப்பியதை மறைக்காமல் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். இப்படி ஏழு. கண்ணாடித் தாள் உறை போட்டு ஒவ்வொரு மிஷினிலும் ஒட்டினேன். நீ இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னா சார், மிஷினுக்கு மிஷின் நோட்டீஸ் ஒட்டிகீறீங்கோ? எலெக்‌ஷன்ல நிக்கிறீங்களா?"

கூடமே சிரித்தது. எனக்குக் காது சிவந்துவிட்டது.

தாளில் எல்லாரும் எழுதத்தான் செய்தார்கள். உன் தாள்தான் எல்லாவற்றிலும் அழகு. முத்து முத்தாக எண்கள், ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு, எல்லா ரீடிங்கும் கச்சிதம். ஒருநாள் பதினோரு மணிக்கு உன் பக்கம் வந்து பார்க்கிறேன், சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கட்டம் நிரம்பியிருக்கிறது!

"நாலு மணி ரீடிங்கை இப்பவே எழுதிட்டியே, நீ என்ன ஜோசியக்காரனா?" என்று கத்தினேன். கொஞ்சமாகவா கத்தினேன்! கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறி எல்லாருக்கும் கேட்டது.

நீ அசரவில்லை. "ஆறு வருசமா இத்தோட குடும்பம் நடத்திகினு கீறேன் சார். நாலு மணிக்கு இது இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ எதுக்கு அந்தத் தாளு?"

"அத்த நீதானே ஒட்டினே."

அன்று சாயங்காலம் டீக்கடையில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீயே டீயை ஆற்றி என் பக்கம் நகர்த்தினாய். "மூஞ்ச தூக்கி வெச்சிக்காத மாமே. பூஜை முடிஞ்சி தொறக்கிற மொத நாளு, ஒன் பேப்பர்ல கீற மாதிரியே ஒண்ணு வுடாம செய்றேன். செஞ்சிட்டா பூந்தமல்லில பிரியாணி வாங்கித் தரணும். நடுவுல ஜகா வாங்கிட்டா நான் வாங்கித் தரேன்." சரி என்றேன். உன்னால் ஒரு மணி நேரம்கூட முடியாது என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்த வருஷ ஆயுத பூஜையை நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். புதுப் பதவி அல்லவா, தலைகால் புரியவில்லை. மிஷினுக்கு மட்டும் பொட்டு வைத்தால் போதுமா, நம் கருவி எது, அளவுதானே என்று எல்லா மைக்ரோமீட்டரையும் ஒரு தாம்பாளத்தில் அடுக்கி, என் கையாலேயே சந்தனம் தொட்டு வைத்தேன். மூடியே வைத்தால் அளக்கும் இரண்டு முகங்களும் ஒட்டிக்கொள்ளும், சிறிது திறந்து வைக்க வேண்டும் என்பதும் என் விதிதான். சந்தனம் அன்று நீர்த்துப் போயிருந்தது. உன் மிஷினின் மைக்ரோமீட்டரில் அது அந்த இடைவெளிக்குள் இறங்கி, பார்த்தால் தெரியாத அளவுக்கு ஓர் ஏடாக உட்கார்ந்து காய்ந்துவிட்டது. நான் பொரியும் சுண்டலும் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

விடுமுறை முடிந்து திறந்த காலையில் தாமதமாக வந்தேன். மூடிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேஜையில் இருந்தது. ஒன்றையும் மூடிப் பார்க்கவில்லை. 'சரி' 'சரி' என்று மேலிருந்து கீழ்வரை எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். நாலு மணி ரீடிங்கைப் பதினோரு மணிக்கு எழுதியதற்காக உன்மேல் கத்தியவன் செய்த காரியம் இது.

உன் சின்ன மகளின் பள்ளியில் ஏதோ வேலை இருக்கிறது என்று நீ அரை நாள் பெர்மிஷன் போட்டிருந்தாய். காலையிலிருந்து உன் மிஷினை வேறொருவர் ஓட்டினார், அவர் முதல் படியைத் தொடவே இல்லை. பன்னிரண்டு மணிக்கு நீ வந்து, பந்தயம் ஞாபகம் வந்து, உறையிலிருந்த தாளை ஊரே கேட்கும்படி ராகம் போட்டுப் படிக்க ஆரம்பித்தாய். "படி ஒண்ணு! மைக்ரோமீட்டரை மூடிப் பார்! பூஜ்யமா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே மூடினாய். பிறகு நீ சிரிக்கவில்லை.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாய். "ரெண்டு கோடு தள்ளிக் காட்டுது. சந்தனம் மாமே, உள்ள சந்தனம் கீது." நான் 'சார்' ஆன பிறகு முதன்முறையாகக் கம்பெனிக்குள் என்னை மாமே என்றாய். அளவு கூடுதலாகக் காட்டினால், கூடுதல் என்று நினைத்து இன்னும் தேய்ப்பார்கள். தேய்ந்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. காலையிலிருந்து ஓடிய அத்தனை பின்களும் பெட்டி கட்டி டெம்போவில் ஏறியிருந்தன. வாசலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் மேஜையில் லோடோடு போக வேண்டிய சலான், அதில் என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

நீ கையிலிருந்த தாளை என் முன்னால் வைத்தாய். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாய்: மைக்ரோ தப்பு. மிஷின் நிறுத்தம். கீழே உன் கையெழுத்து.

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்காது. "அந்தத் தாளை மாத்தி எழுதிடு" என்றேன். கெஞ்சினேன். காலையில் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன் நான், இது வெளியே வந்தால் நான் தொலைந்தேன், ஷிஃப்டும் தொலைந்தது, ஒருவேளை அங்கே யாரும் அளந்து பார்க்காமல்கூடப் போகலாம் என்றெல்லாம் உளறினேன்.

நீ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். "நாலு மணி ரீடிங்கப் பதினோரு மணிக்கு எழுதினதுக்கு அன்னிக்கு இன்னா கத்து கத்துனே. இப்போ பன்னெண்டு மணி ரீடிங்க எத்தினி மணிக்கு எழுதச் சொல்றே மாமே?" என்று கேட்டாய். அந்தத் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததை நீ நூறு பேரிடமாவது சொல்லியிருப்பாய். கல்யாண வீட்டில், கம்பெனிக்குப் புதிதாக வந்தவர்களிடம், பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம்கூட. "நான் போய்ச் சொன்னேன். சாரு ஒரு வார்த்தை பேசல. நேரா எழுந்து வந்தாரு, டெம்போவ நிறுத்தினாரு. வேல போனா போவட்டும்னு நிறுத்தினாரு. இவருதான் அந்த ஆளு, பாத்துக்கோ." ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். எல்லாரும் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

நடந்தது அதுவல்ல மாமே.

நீ போனதும் நான் ஒரு புதுத் தாளை எடுத்தேன். உன் மிஷின் எண்ணைப் போட்டேன். உன்னைப் போலவே முத்து முத்தாக, ஏழுக்குக் குறுக்குக் கோடு போட்டு, காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாம் கச்சிதமான அளவுகளாக எழுதினேன். கீழே உன் கையெழுத்தை நானே போட்டேன். காலையில் நீ மிஷினில் இல்லவே இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. உன் நிஜத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சலானில் கையெழுத்துப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, டிரைவரிடம் கொடுத்து அனுப்பிவிடத்தான் வெளியே வந்தேன். நிறுத்துவதற்கு வரவில்லை. அனுப்புவதற்கு வந்தேன்.

நீ நிறுத்திய மிஷின் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தாய். என்னைப் பார்த்தாய். பார்த்த மாத்திரத்தில் வாசலைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினாய் பார், இன்றும் எனக்குக் காதில் இருக்கிறது.

"டிரைவர் அண்ணாத்தே! வண்டிய ஆஃப் பண்ணு! சாரு நிறுத்தறதுக்கு வராரு! எல்லாம் வழி வுடுங்கப்பா!"

டிரைவர் சாவியைத் திருப்பிவிட்டார். பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். அங்கிருந்து டெம்போவுக்குப் பத்து எட்டு இருக்கும். அந்தப் பத்து எட்டையும் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. போய் நின்றேன். சலான் என் கைக்குள் கசங்கிவிட்டிருந்தது. "எறக்குங்க. எல்லாப் பெட்டியையும் எறக்குங்க" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுபோலவே இல்லை.

மிச்சமெல்லாம் நீ சொல்வதுபோலத்தான் நடந்தது. பொய்த் தாளைக் கழிவறையில் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிட்டு, உன் நிஜத் தாளோடு முதலாளி அறைக்குப் போனேன். கூப்பிடாமலே நீயும் எண்ணெய்க் கையோடு உள்ளே வந்து நின்றாய். "எம் மிஷின்ல ஓடின பீஸு சார். எம் பேரையும் எழுதிக்கோங்க" என்றாய். கழித்த லோடில் கட்டுகிற சிவப்பு அட்டையில் நம் இருவர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறியது. முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். சந்தனத்தைத் திட்டினார், டிப்ளமாவைத் திட்டினார், ஏனோ ரயில்வேயையும் திட்டினார். பிறகு அவரே போனை எடுத்து அந்தப் பெரிய கம்பெனிக்கு லோடு ஒருநாள் தாமதம் என்றும் ஏன் தாமதம் என்றும் சொன்னார். எல்லாரும் சேர்ந்து ஒவ்வொரு பின்னாக அளந்தோம். பாதிக்கு மேல் அளவு தப்பியிருந்தன. மறுநாள் நல்லதை மட்டும் அனுப்பினோம். அவர்கள் முணுமுணுத்தார்கள், அடுத்த சில லோடுகளுக்கு ஆள் அனுப்பிக் குடைந்தார்கள், ஆனால் ஆர்டரை வெட்டவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை தப்பியது, ஷிஃப்டும் தப்பியது. பூந்தமல்லியில் பிரியாணி நான்தான் வாங்கிக் கொடுத்தேன். லெக் பீஸ் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய்.

அதற்கப்புறம்தான் என் ஏழு படிக்கு உயிர் வந்தது. உன் நாலு மணி ரீடிங் நாலு மணிக்குத்தான் எழுதப்பட்டது, சில நாள் அசிங்கமான எண்ணாகவும் இருந்தது. நீயே எழுதுகிறாய் என்றதும் மற்றவர்களும் பயம் விட்டு எழுதினார்கள். சிவப்புப் பெட்டி நிரம்பி வழிந்தது. "நீ வந்தப்புறம் ரிஜெக்ட் ஏறிப்போச்சேய்யா" என்று முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டபோது, நீ மிஷினிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாய்: "ஏறல சார். முன்னாடி எங்க பையில ஊட்டுக்குப் போய்கினு இருந்திச்சு." அடுத்த வருஷத்திலிருந்து பூஜைக்குச் சந்தனம் கருவிப் பெட்டியின் மூடிக்கு மட்டும்தான். லீவு முடிந்த முதல் காலை, பொறுப்பாளர் மிஷின்காரர் என்று பேதமில்லாமல் எல்லாரும் கூடத்தின் நடுவே நின்று, மைக்ரோமீட்டரை மூடிப் பார்த்துப் பூஜ்யத்தை வாய்விட்டுச் சொன்ன பிறகே மெயின் சுவிட்சைப் போடுகிறோம். இன்று காலையும் சொன்னோம்.

ஒன்பது வருஷம் அப்படி ஓடியது. பிறகு ஒரு திங்கட்கிழமை, ஐயப்பன்தாங்கல் டிப்போ பக்கம் வேறு வேலையாகப் போன நீ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மொபெட்டை ஓரம் கட்டி, ஸ்டாண்டு போட்டுவிட்டு, பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா நீ? இத்தனை நாள் கழித்தும் அதுதான் எனக்கு ஆறவில்லை.

காரியத்தன்று நூம்பலில் உன் வீட்டு மாடியில் உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, காபி கொண்டுவந்து கொடுத்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ஒங்களப் பத்தித்தாண்ணா எப்பவும் பேசிகினு இருப்பாரு" என்றது. நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன். உன் பிணத்தைத் தூக்கிய தோளிலேயே அந்தப் பொய்யையும் ஏற்றிக்கொள்கிறோமே என்று எனக்குள் கூசியது.

"அந்த டெம்போ கதயத்தாண்ணா. வெளிய ஒரு மாதிரி சொல்லுவாரு, ஊட்ல என்னாண்ட ஒரு மாதிரி சொல்லுவாரு. 'கையில சலான வெச்சிகினுதாண்டி வந்தான், நான் பாத்தேன். நான் கத்தலேன்னா குடுத்திருப்பான். அதான் கத்துனேன். ஆனா எறக்குங்கன்னு சொன்னது அவன்தான், நான் இல்ல'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

காபி டம்ளரை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். உனக்குத் தெரியும்! பாவி, அன்றைக்கே தெரியும்! ஒன்பது வருஷம் நான் பஜ்ஜியை விழுங்கிக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆவடி ரோட்டில் வரும்போது உன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. நான் நல்லவனாக இருந்ததால் நீ என்னைப் புகழவில்லை. அன்று பத்து எட்டு நடக்க வைத்ததுபோல, ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி என்னை அதற்கப்புறமும் நடக்க வைத்துக்கொண்டே இருந்தாய். அந்த ஒன்பது வருஷத்தில் பார்க்காமல் ஒரு கையெழுத்துக்கூட என்னால் போட முடியாமல் போனது எதனாலே என்று நினைக்கிறாய்?

இப்போது தரக் கட்டுப்பாட்டில் எனக்குக் கீழே ஆறு பேர். ஏழு படிகளும் பதினெட்டாகிவிட்டன, எல்லாம் கம்ப்யூட்டரில். போன மாதம் ஒரு மத்தியானம், மாடி அறைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் ஓட்டுகிற ஒரு பெண் எங்கள் லைன் பொறுப்பாளரிடம் எதையோ காட்டிப் பதறிக்கொண்டிருந்தாள். அவர் நல்ல மனிதர், பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவளை அனுப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு, லோடு ஏறிய வண்டியைப் பார்த்து நடந்தார். அந்த நடை எனக்குத் தெரியும் மாமே. உலகத்தில் வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது.

கதவைத் திறந்துகொண்டு மாடிக் கம்பியைப் பிடித்து, என் வயதுக்கும் பதவிக்கும் கொஞ்சமும் பொருந்தாத குரலில் கத்தினேன். "டிரைவர்! வண்டியை ஆஃப் பண்ணுப்பா! சார் நிறுத்தறதுக்கு வர்றார்!"

எல்லாரும் திரும்பினார்கள். அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். பிறகு வண்டியிடம் போய், "லோடை இறக்குங்க" என்றார்.

சாயங்காலம் எல்லார் எதிரிலும் அவர் தோளில் கைவைத்து, "இவர்தான் நிறுத்தினவர்" என்று சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கையில் இருந்தது என்ன தாள் என்று நான் பார்க்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.